பெயரில்லாத பொட்டலம்

கிருபாளிக்கு வாய் நீளம் என்று வராச்சா ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் அம்மா ரசிலாபென் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "நீளமெல்லாம் இல்ல, நேர் வாய்," என்பார். நேரோ கோணலோ, அந்த வாயால் கல்யாணம் இழுத்துக்கொண்டே போனது. எங்கள் சூரத்தில் பஞ்சமென்றால் அது பெண்ணுக்குத்தான். வைரப் பட்டறையில் வேலை என்றாலே பெண்ணைப் பெற்றவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் பெண் கிடைக்காமல் திரிகிற பையன்கள் தெருவுக்கு நாலு பேர். அப்படிப்பட்ட ஊரிலேயே, கிருபாளியைப் பார்க்க வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவனிடம், "நீங்க பேசறப்போ உங்க அம்மா வாயும் கூடவே அசையுது," என்று சொல்லிவிட்டாள். பொய்யில்லை, அசையத்தான் செய்தது. அதற்காகச் சொல்லலாமா?

மௌலிக் வந்த அன்று ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு சட்டை போட்டிருந்தான். அவனையும் கிருபாளியையும் பெரியவர்கள் பால்கனிக்கு அனுப்பிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மௌலிக் ஒரு பட்டறையில், தோண்டியெடுத்த கல் எந்த வடிவத்தில் வைரமாக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கோடு போடுகிறவன். பேச்சு சாமர்த்தியம் கிடையாது. "என்னைப் பத்தி என்ன தோணுது?" என்று கேட்டான்.

"உங்களைப் பத்தி இன்னும் ஒண்ணும் தோணல. சட்டை கேவலமா இருக்கு."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தான் அவன். "அம்மா எடுத்தது. காலையிலருந்து பத்துப் பேரைக் கேட்டுட்டேன், எல்லாரும் ஜோரா இருக்குன்னாங்க. உங்க ஒருத்தர்கிட்டதான் உண்மை வந்துச்சு."

"அப்போ கோபம் இல்லையா?"

"நிம்மதியா இருக்கு," என்றான். அவன் சொன்ன விதம் கிருபாளிக்குப் பிடித்துப்போனது. அவள் வாயைப் பொறுத்துக்கொண்டவர்கள் உண்டு, நிம்மதி என்று சொன்னவன் இவன்தான். அன்றைக்கே வெல்லமும் கொத்தமல்லி விதையும் தட்டில் வந்தன. இரண்டையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டால் எங்களில் கல்யாணம் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். மோதிரம் மாற்றுவதை உத்தராயணப் பட்டத் திருவிழா கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எல்லோரும் எழுந்தபோது ரசிலாபென் சும்மா இருக்காமல், "பெரியவ ஹேதலுக்கு மாப்பிள்ளை பெல்ஜியத்துலருந்து ஒரு காரட் கல்லு கொண்டாந்தார். சின்னவளுக்கும் கண் நிறைய இருந்தாச் சரிதான்," என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தார். கிருபாளி அதைக் காதிலேயே வாங்கவில்லை. மௌலிக் வாங்கிக்கொண்டான்.

அடுத்த மூன்று மாதம் கிருபாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிறு தவறாமல் அவன் ஸ்கூட்டரில் வந்து கீழே நின்று ஹாரன் அடிப்பான். 'நீங்க' போய் 'நீ' வந்தது. இப்படி ஒரு மனுஷனோடுதான் கிழவியாக வேண்டும் என்று அவள் மனதுக்குள் தீர்மானம் செய்துகொண்டாள். அவன் இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தப் பயத்தை அவனிடமே சொன்னாள். அதற்கும் சிரித்தான்.

கிருபாளிக்கு வேலை கதார்காமில் ஒரு சோதனைக்கூடத்தில். பட்டை தீட்டி முடித்த வைரங்கள் அங்கே வரும். அவள் மேசையில் வெட்டு மட்டும் பார்ப்பார்கள். கல் யாருடையது, எந்தப் பட்டறையில் செய்தது, யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று எதுவும் தெரியாது. மடித்த காகிதப் பொட்டலம், அதன் மேல் ஓர் எண், அவ்வளவுதான். பெயர் தெரிந்தால் கை நடுங்கும், கண் தாட்சண்யம் பார்க்கும் என்றுதான் இந்த ஏற்பாடு. மற்ற மேசைகளுக்கு அது தேவை. கிருபாளி மேசைக்குத் தேவையே இல்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். முதலாளியின் சொந்தக் கல்லாக இருந்தாலும் இவள் மோசம் என்றால் மோசம்தான்.

உத்தராயணம் முடிந்த வாரம் ஒரு கல் வந்தது. வட்டக் கல், ஒரு காரட்டுக்கு ஒரு மயிரிழை கூடுதல். இடுக்கியில் எடுத்து விளக்குக்கு அடியில் சாய்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். வைரத்துக்கு நிறமும் சுத்தமும் மண்ணுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. மனிதன் கொடுப்பது வெட்டு மட்டும்தான். மேலே விழுந்த வெளிச்சத்தை அடிப்பட்டைகள் தாங்கித் திரும்ப மேலேயே அனுப்ப வேண்டும், அப்போதுதான் கல் சிரிக்கும். இந்தக் கல்லில் அடிப்பாகம் கிணறுபோல ஆழமாக இருந்தது. உள்ளே போன வெளிச்சம் பக்கவாட்டில் ஒழுகிப் போய், நடுவில் ஆணித்தலை அளவுக்குக் கறுப்பாகக் கிடந்தது. மேல்பாகமும் அடிப்பாகமும் சேருகிற இடுப்பும் தடித்திருந்தது. கொஞ்சம் செதுக்கி எடுத்திருந்தால் எடை குறைந்து, காரட்டுக்கு நூறு சென்ட் கணக்கில் எண்பத்தைந்து சென்ட் நின்றிருக்கும், ஆனால் அறையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறித்திருக்கும். எடை போய்விடுமே என்று யாரோ இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இது பெரிய வியாதி. குழந்தை பிறந்தால்கூட ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கிலோ என்று கேட்கிற ஜனங்கள் நாங்கள்.

ஓரத்தில் பாதி எள்ளளவுக்கு வெள்ளையாக ஒரு கீறலும் இருந்தது. கிருபாளி கடைசித் தரத்தைப் போட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் டூமஸ் கடற்கரைக்குப் போனார்கள். மோதிரம் மாற்ற இன்னும் நாலு நாள்தான் இருந்தது. கரும்பலகை நிறத்தில் கிடக்கும் அந்த மணலில் உட்கார்ந்து, சூடாகத் தக்காளி பஜியா வாங்கிக்கொண்டார்கள். கிருபாளி நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். சந்தோஷம் வந்தால் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"இந்த வாரம் ஒரு கல்லு வந்துச்சு பாரு. ஒரு காரட்டு. கல்யாண சீசன் நேரத்துல இப்படி ஒத்தைக் கல்லா வந்தா மோதிரத்துக்குத்தான். ஐயோ, செத்த கல்லு மௌலிக்! நடுவுல ஒரே இருட்டு."

"எடை வேணும்னு யாராவது சொல்லியிருப்பாங்க," என்றான் மௌலிக், பஜியாவை ஊதிக்கொண்டே.

"சொல்லட்டுமே. கோடு போட்டவனுக்கு எங்கே போச்சு புத்தி? உன்னை மாதிரி ஒருத்தன்தானே போட்டிருப்பான்? நீ போட்டிருப்பியா அப்படி? தெரிஞ்சே பண்ணியிருக்கான். ஊர் வாயில ஒரு காரட்டுன்னு வரணும், அது போதும் அவனுக்கு. கட்டிக்கப்போறவ தினம் தினம் அந்த இருட்டைப் பாக்கணுமேன்னு ஒரு நிமிஷம் நினைச்சானா? ஓரத்துல பாதி எள்ளு மாதிரி வெள்ளைக் கீறல் வேற. அதைக்கூட எடுக்க மனசு வரல கஞ்சப்பயலுக்கு."

மௌலிக் ஊதுவதை நிறுத்தினான்.

"இப்படி ஒரு ஆளோட காலம் தள்ளப்போறாளே, அந்தப் பொண்ணை நினைச்சாதான் எனக்குப் பாவமா இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் கிருபாளி.

அவனும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். "பாவம்தான்," என்றான். அவன் கையிலிருந்த பஜியா ஆறிப்போய் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. கிருபாளி அதையும் பிடுங்கித் தின்றாள். கல்லில் தலைமுடி அளவு கோணல் இருந்தாலும் பிடித்துவிடுகிற பெண், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அதை நினைத்து நினைத்துத்தான் அவள் மருகப் போகிறாள்.

வியாழக்கிழமை சமூக மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. எங்கள் விசேஷங்களில் ஒரு கூத்து உண்டு. ஆண்களில் பாதிப் பேரின் சட்டைப்பையில் லென்ஸ் இருக்கும். துக்க வீட்டுக்குப் போனாலும் எடுத்து வைக்க மாட்டார்கள். மோதிரம் விரலில் ஏறியதோ இல்லையோ, பெண்ணின் கையை நாடி பிடிக்கிற வைத்தியர்போல ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். வைர வியாபாரம் பார்க்கிற ஊரில் வேறு எப்படி வாழ்த்துவது?

மௌலிக் பெட்டியைத் திறந்தான். கிருபாளி சிவப்புச் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கை நீளத் தொலைவிலேயே அந்த இருட்டு அவளுக்குத் தெரிந்துவிட்டது. தூக்கிவாரிப் போட்டது. இருக்காது, ஊரில் எத்தனையோ மோசமான கல் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். மோதிரம் விரலில் ஏறியது. ஓரத்தில் பாதி எள்.

கடற்கரையில் அவள் சொன்னது ஒவ்வொன்றாக அவள் காதிலேயே விழுந்தது. செத்த கல். கஞ்சப்பயல். அந்தப் பொண்ணை நினைச்சா பாவம். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான்! அவளுக்கு அந்த மேடையிலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணை எடுக்காமல், எதையோ எதிர்பார்த்து.

"நல்லா இருக்கு," என்றாள் கிருபாளி.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் சித்தப்பா வல்லப்பாய்தான் முதலில் லென்ஸோடு வந்தார். "ஒரு காரட்டு முழுசா!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, லென்ஸுக்குள் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பால் போனார். அக்கா ஹேதல் குனிந்து, "என்னடி, நடுவுல கறுப்பா இருக்கு?" என்று கிசுகிசுத்தாள்.

"வெளிச்சம் சரியில்ல இங்கே. கல் ரொம்ப நல்லா இருக்கு."

கையைப் பிடித்துப் பார்த்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ரொம்ப நல்லா இருக்கு, ரொம்பப் பிடிச்சிருக்கு, நான் ஆசைப்பட்ட மாதிரியே இருக்கு. கேட்காதவர்களிடமும் சொன்னாள். அத்தனையும் பக்கத்தில் நின்ற அவன் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கைகழுவப் போனபோது, மௌலிக் அவளை மாடிப்படிக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"கல் நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"உன் மேசையில உக்காந்திருந்தா என்ன சொல்வியோ, அதைச் சொல்லு."

"நல்லா இருக்குன்னுதான் சொல்வேன்."

"ஞாயித்துக்கிழமை வேற சொன்னியே."

கிருபாளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உன்னுதுன்னு எனக்குத் தெரியாதுடா! பொட்டலத்துல பேர் இருந்தா நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?"

"அதனாலதானே பேர் போடாம குடுக்கறாங்க," என்றான் அவன் மெதுவாக. "தெரியாம இருந்ததாலதான் உண்மை வந்துச்சு."

"எதுக்கு இப்படிப் பண்ணின? யாரு கேட்டா ஒரு காரட்டு? நானா கேட்டேன்?"

"உங்க அம்மா சொன்னாங்க. என் கையில இருந்த காசுக்கு, தீட்டாத அந்தக் கல்லுதான் வாங்க முடிஞ்சது. நல்லா வெட்டினா எண்பத்தஞ்சுதான் நிக்கும்னு எனக்கும் தெரியும். நானேதான் கோடு போட்டேன். ராத்திரி பகல் அது என் தொண்டையிலேயே நின்னுது."

"அன்னைக்கே ஏன் சொல்லல? என் வாயை மூடியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் நினைச்சேன். அப்புறம் ஒரு ஆசை. இன்னைக்குக் கல்லைப் பாத்ததும் கண்டுபிடிச்சிடுவ, என் சட்டையைச் சொன்ன மாதிரியே 'ஐயோ, கேவலமா இருக்கு மௌலிக்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவ, நானும் ஆமான்னு சொல்லிடுவேன், ரெண்டு பேரும் சிரிச்சு முடிச்சிடலாம்னு நினைச்சேன்." அவள் விரலிலிருந்த மோதிரத்தைப் பார்த்தான். "நீ நல்லா இருக்குன்னுட்ட. நீகூட."

கிருபாளி வாழ்நாளில் முதல் பொய்யை, அதுவும் உயிராக நினைத்தவனுக்காகச் சொல்லியிருக்கிறாள். அதையே குற்றமாக அவன் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவளுக்குக் கோபமும் வந்தது, அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக அன்பும் வந்தது.

"சரி விடு. மறுபடி வெட்டக் குடுத்திடலாமா?" என்று கேட்டான் அவன்.

"தாராளமா!" கிருபாளியின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் கையையே பிடித்துக்கொண்டாள். "அடிப்பக்கம் ஆழத்தைக் கொஞ்சம் குறைச்சாப் போதும் மௌலிக், நடுவுல இருட்டு ஓடிப்போயிடும். இடுப்பு ஒரு பக்கம் ரொம்பத் தடிப்பு, இன்னொரு பக்கம் அலை அலையா இருக்கு, ரெண்டையும் ஒண்ணாக்கலாம். மேல் பட்டை ரெண்டு கோணிக்கிட்டு நிக்குது, அதுவும் சரியாயிடும். அந்தக் கீறலும் செதுக்கறப்போ போயிடும். முகப்பும் கொஞ்சம்…"

நிறுத்தினாள். காலம் கடந்துதான் நிறுத்தினாள்.

மௌலிக் தலையை ஆட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டிருந்தான். "எல்லாத்தையும் பாத்திருக்க," என்றான். "அப்புறமும் நல்லா இருக்குன்னு சொன்ன." கையை விடுவித்துக்கொண்டு, மண்டபத்துக்குள் போய் அவள் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

அந்த வாரம் ஹாரன் சத்தம் கேட்கவில்லை. போன் செய்தால் வேலை இருக்கிறது என்றான். பிறகு எடுக்கவே இல்லை. கிருபாளி மோதிரத்தைக் கழற்றாமல் சோதனைக்கூடத்துக்குப் போனாள், மேசைக்கு அடியில் இடது கையை ஒளித்துக்கொண்டு வேலை பார்த்தாள். ஒரு காலை மௌலிக்கின் மாமா போன் செய்தார். பையனுக்கு மனமில்லை, எங்களுக்கும் காரணம் புரியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றார். ரசிலாபென் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என்ன சொல்லித் தொலைச்ச அவனை? நல்ல பையனாச்சே! எல்லாம் உன் வாய்!" என்றார். நேர் வாய் என்று சொன்னவர்தான் அவரும்.

கிருபாளி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அவன் பட்டறைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். நூற்றுக்கணக்கான ஆண்கள் வாசலில் நின்று மாவாப் புகையிலை மென்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் தனியாக வந்து நின்றதும் அத்தனை வாயும் மெல்லுவதை நிறுத்தின. அவளுக்கு வெட்கமாகவே இல்லை. வெட்கப்பட நேரமில்லை. யாரோ உள்ளே போய்ச் சொல்ல, மௌலிக் வெளியே வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னை வேண்டாம்னு உன் வாயால சொல்லு," என்றாள் கிருபாளி.

"அப்படி எப்படிச் சொல்வேன்?"

"அப்புறம் எதுக்கு மாமாவை விட்டுச் சொல்லச் சொன்ன?"

"நீ உண்மை சொன்னப்போ அதை என்னால தாங்க முடியல. நாலு நாள் தூங்கல. பொய் சொன்னப்போ உன்னையே தாங்க முடியல. நான் என்னதான் செய்யட்டும், சொல்லு?" நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இனிமே நீ எதைச் சொன்னாலும், சாப்பாடு நல்லா இருக்கு, வீடு நல்லா இருக்கு, நீ நல்லவன்னு என்ன சொன்னாலும், பேரைப் பாத்துச் சொல்றியா, பாக்காம சொல்றியான்னு யோசிச்சிட்டே இருப்பேன். நீயும் எனக்காக வாயைக் கட்டிக்கிட்டே இருப்ப. வேண்டாம் கிருபாளி."

"வெட்டவும் வேண்டாம், மாத்தவும் வேண்டாம். இதையே போட்டுக்கறேன், சாகற வரைக்கும்."

"தினமும் பாப்பியே."

"பாக்க மாட்டேன். சத்தியமா பாக்க மாட்டேன். இதைக் கல்லுன்னே நினைக்க மாட்டேன், என் மோதிரம், அவ்வளவுதான்." சத்தியம் செய்கிறவள்போல இடது கையைத் தூக்கி அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

உச்சி வெயில். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அப்போது அவள் அந்த மோதிரத்துக்காக உயிரையும் கொடுத்திருப்பாள். ஆனால் நீட்டிய கை, அவளைக் கேட்காமலேயே, மணிக்கட்டில் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. அவள் கண் அவன் முகத்தை விட்டு இறங்கிக் கல்லின் நடுவில் போய் நின்றது. ஒரு நொடிகூட இருக்காது. வெயிலிலும் அந்த இடம் கறுப்பாகத்தான் இருந்தது. என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்து கண்ணை உயர்த்தியபோது மௌலிக் பார்த்துவிட்டிருந்தான்.

அவன் கோபப்படவில்லை. நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, விரல் மூட்டில் வலிக்கக் கூடாது என்று மெல்லத் திருகித் திருகி மோதிரத்தைக் கழற்றினான். அத்தனை பேர் பார்க்க அவன் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதன் பிறகும் கொஞ்ச நேரம் அவள் விரலை விடவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையசைத்தாள்.

"போய்ச் சாப்பிடு. வெயில்ல நிக்காத."

உள்ளே மணி அடித்தது. ஆண்கள் மாவாவைத் துப்பிவிட்டுக் கூட்டமாகப் படியேறினார்கள், அவனும் அவர்களோடு ஏறிப் போனான். அவன் திரும்பிப் பார்த்தால் ஓடிப் போய் அவன் காலைக்கூடப் பிடித்துவிடலாம் என்று கிருபாளி நின்றாள். அவன் திரும்பவில்லை. கதவு சாத்தப்பட்டு, உள்ளே சாணைகள் ஓடத் தொடங்கின. சாப்பிட்டியா என்று கேட்டதுபோல இத்தனை மாதத்தில் அவன் அவ்வளவு அன்பாக எதையும் கேட்டதில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, நடு ரோட்டில் வாய்விட்டு அழுதாள்.